பழைய காரின் கியர் லீவர் ஆட்டம்: புஷ் மாற்றிச் சரிசெய்த விவரம்

நியூட்ரலில் நிற்கும்போதே லீவர் நாலாபக்கமும் தொளதொளவென்று ஆடுகிறது. இரண்டாம் கியரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ரிவர்ஸ் சில நேரம் விழுவதே இல்லை. முன்சக்கர இழுவை, ராடு வகை லிங்கேஜ் (லீவரின் அசைவை ஒரு கம்பி வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகும் இணைப்பு) உள்ள வண்டி. இதற்குப் போய் கியர்பாக்ஸை இறக்கக் கூடாது. லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் அசைவு எங்கே தொலைகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

என்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அப்போது சுலபமாக விழுந்து, என்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. ஓட்டத்தில் ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால் சின்க்ரோ ரிங் (கியர் விழும் முன் வேகங்களைச் சமன்செய்யும் வளையம்) தேய்ந்திருக்கலாம். ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போது லீவர் தானாக முன்பின் நகர்ந்தால் என்ஜின் மவுண்ட்டை, அதாவது என்ஜினைத் தாங்கும் ரப்பர் இணைப்பை, பார்க்க வேண்டும். இந்த வண்டியில் என்ஜின் அணைந்திருந்தும் அதே தடுமாற்றம். ஆக, சந்தேகம் லிங்கேஜ் மேல்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியாகிவிட்டது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ராடு சைலன்சர் குழாயை ஒட்டியே ஓடுகிறது, அதனால் குழாய் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். நைலான் புஷ்கள் (இணைப்புகளில் ஆட்டமில்லாமல் பிடிக்கும் சிறு உறைகள்) காய்ந்து நொறுங்குவதில் அந்தச் சூட்டுக்கும் பங்குண்டு. மேலே ஒருவர் லீவரை மெல்ல அசைக்க, கீழே ஒவ்வொரு இணைப்பாகக் கைவைத்துப் பார்த்ததில், லீவரின் அடிப்பந்தைப் பிடிக்கும் கிண்ணத்திலும் ராடின் பின்முனை புஷ்ஷிலும் ஆட்டம் தெரிந்தது. கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் செலக்டர் தண்டில் ஆட்டம் இல்லை.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை: ராடும் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பும் சேரும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு. இதை விட்டால் பிறகு லீவரின் நிலையைக் குத்துமதிப்பாகத்தான் வைக்க முடியும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைப்பது நல்லது. செலக்டர் தண்டுடன் சேரும் இடத்தில் ரோல் பின் (சுருட்டிய தகட்டாலான ஆணி) இருந்தால், சரியான அளவுள்ள பஞ்ச் எனும் தட்டுகம்பியால் தட்டி எடுத்து, மாட்டும்போது புதுப் பின்னே போட வேண்டும். பழையது பிடிமானம் இழந்திருக்கும்.

புது நைலான் புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் விளிம்பு வெடிக்கும். வெந்நீரில் சில நிமிடம் போட்டு இளகியதும் வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) வைத்து அழுத்தினால் சீராக உட்காருகிறது. பழைய கிரீஸை மண்ணோடு முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் புதியது தடவ வேண்டும். ரப்பர் பாகம் இருக்கும் இடத்தில் சிலிகான் கிரீஸ். சாதாரண கிரீஸில் பல ரப்பர்கள் ஊறி உப்பிவிடும். அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். தண்ணீரும் மண்ணும் உள்ளே போனால் புது புஷ்ஷும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

சரிசெய்யும் முறை: கியர்பாக்ஸ் நியூட்ரலில் இருக்க, லீவரை 3, 4-ஆம் கியர்களின் வரிசையில் நேராக நிறுத்தி, கோட்டைப் பொருத்திக் கிளாம்பை இறுக்க வேண்டும். புது புஷ் வந்ததும் பழைய கோடு சற்று விலகலாம். லீவர் 1, 2 பக்கமும் ரிவர்ஸ் பக்கமும் இடிக்காமல் போகிறதா என்பதே இறுதிச் சோதனை. முதல் கியரில் லீவர் கன்சோல் விளிம்பில் முட்டினால், கியர் முழுதாக விழாமல் ஓட்டத்தில் நழுவிவிடும்.

இப்போது பக்கவாட்டு ஆட்டம் போய்விட்டது. இரண்டாம் கியரும் ரிவர்ஸும் தேடாமல் விழுகின்றன. வண்டி குளிர்ந்திருக்கும்போது மட்டும் லேசான இறுக்கம் மிச்சம். அடுத்து கியர் ஆயில் மாற்ற வேண்டும். தயாரிப்பாளர் ஜிஎல்-4 தர ஆயில் என்று சொல்லியிருந்தால் அதையே ஊற்ற வேண்டும். ஜிஎல்-5-இல் உள்ள சில சேர்மானங்கள் பித்தளை சின்க்ரோ ரிங்குகளுக்கு ஆகாமல் போகலாம். வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வடித்த பிறகு அது கழலாவிட்டால் வண்டியை நகர்த்தவே முடியாது.