லேப் எக்ஸாமில் ஃபோர்க், எக்ஸெக்: மார்க் போகும் இடங்கள்

சி நிரலிலிருந்து வேறொரு நிரலை ஓட்டச் சொல்லும் கேள்வி ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) லேப்பில் வந்தால், சிஸ்டம் ஃபங்ஷனை ஒரு வரி எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்று தோன்றும். லினக்ஸில் அது ஓடவும் செய்யும். ஆனால் தேர்வாளர் கட்டளையின் பெயரை வேண்டுமென்றே தப்பாக அடித்துப் பார்ப்பார். தயாராக வேண்டியது அதற்குத்தான்.

சிஸ்டம் ஃபங்ஷன் ஒரு ஷெல்லை, அதாவது கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரலைத் திறந்து, அதன் வழியாகவே கட்டளையை ஓட்டுகிறது. யாரோ தரும் கோப்புப் பெயரை அப்படியே ஒட்டிக் கொடுத்தால், அதில் ஓர் அரைப்புள்ளி இருந்தாலே போதும். அதற்குப் பின்னால் உள்ளது தனிக் கட்டளையாக ஓடிவிடும். ஓடிய நிரல் எக்ஸிட் கோடு (முடியும்போது நிரல் விட்டுச்செல்லும் எண்) 1 என்று முடிந்தால் சிஸ்டம் 256 தரும். எக்ஸிட் கோடு 8 பிட் மேலே தள்ளி உட்கார்ந்திருப்பதால் வரும் கணக்கு இது.

இன்னொரு வழி ஃபோர்க், எக்ஸெக். ஃபோர்க் ஓடும் நிரலுக்கு ஒரு நகல் எடுக்கும்: மூலம் பேரன்ட், நகல் சைல்டு. எக்ஸெக் தன்னை அழைத்த நிரலின் இடத்தில் வேறொரு நிரலை ஏற்றும். ஃபோர்க் போட்டு சைல்டில் எக்ஸெக்எல்பி (எக்ஸெக்கின் ஒரு வகை) எழுதும்போது, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் பெயர் இரண்டு முறை வர வேண்டும்: தேட வேண்டிய கோப்பாக ஒன்று, ஆர்க்வி (நிரலுக்குப் போகும் சொற்களின் பட்டியல்) பூஜ்யமாக ஒன்று. ஒரு முறை மட்டும் எழுதினால், நீளப் பட்டியல் கேட்கும் "-எல்" பூஜ்யமாவது இடத்துக்குப் போய்விடும். எர்ரர் எதுவும் வராது. நீளப் பட்டியலுக்குப் பதில் வெறும் பெயர்கள் மட்டும் வரும். இதைத் தேடியே அரை மணி நேரம் போய்விடும். கடைசியில் பட்டியல் முடிவைக் காட்டும் நல் (NULL) விட்டுப்போனால் "-வால்" (-Wall) கொடுத்து கம்பைல் செய்யும்போது ஜிசிசி கம்பைலர் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள்.

எக்ஸெக் வெற்றி பெற்றால் திரும்பி வராது. ஆகவே அடுத்த வரி ஓடினாலே தோல்விதான், இஃப் தேவையில்லை. அங்கே தோல்விக்கான காரணத்தை அச்சிடும் பிஎர்ரர், அதற்கடுத்து சைல்டை முடிக்கும் அண்டர்ஸ்கோர் எக்ஸிட் 127. இதை மறந்தால் சைல்டு பேரன்ட்டின் மீதிக் கோடையும் ஓட்ட ஆரம்பிக்கும். மினி ஷெல் (சொந்தமாக எழுதும் சிறிய ஷெல்) எழுதியவர்கள் சோதித்துப் பார்க்கலாம்: தப்பான கட்டளை ஒன்றை அடித்தபின் வெளியேற எக்ஸிட் இரண்டு முறை அடிக்க வேண்டியிருந்தால் காரணம் இதுதான்.

அண்டர்ஸ்கோர் இல்லாத சாதா எக்ஸிட் ஏன் கூடாது என்பது வைவாவில் அடிக்கடி வரும். ஃபோர்க்குக்கு முன் பிரிண்ட்எஃப் எழுதியது, வெளியே போகுமுன் காத்திருக்கும் இடமான பஃபரில் தங்கியிருந்தால் சைல்டுக்கும் அதன் நகல் போகும். இருவரும் எக்ஸிட்டில் முடிந்தால் இரண்டு நகல்களும் வெளியே கொட்டப்படும். வரி முடிவில் நியூலைன் இருந்தால் திரையில் ஒரு முறைதான் தெரியும். அவுட்புட்டைக் கோப்புக்குத் திருப்பினால் அதே வரி இரண்டு முறை விழும், கோப்புக்குப் போகும்போது பஃபர் நியூலைனுக்குக் காலியாவதில்லை என்பதால். ஃபோர்க்குக்கு முன்பே எஃப்ஃப்ளஷ் செய்து பஃபரைக் காலியாக்கிவிடுங்கள்.

சைல்டு முடிந்த விவரத்தைப் பெறும் வெயிட்பிட் இல்லாமல் பேரன்ட் ஓடிக்கொண்டே இருந்தால், முடிந்த சைல்டு பட்டியலிலிருந்து நீங்காமல் ஜாம்பியாக நிற்கும். ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளை அதை டிஃபங்ட் என்று காட்டும். நிரல் இயல்பாக முடிந்ததா என்று சொல்லும் இஃப்எக்ஸிட்டெட் மேக்ரோவைப் பார்த்த பிறகே எக்ஸிட் ஸ்டேட்டஸை எடுங்கள். செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டதால்) செத்த நிரலுக்கு எக்ஸிட் கோடு கிடையாது, சிக்னல் எண் 11 மட்டுமே.

மினி ஷெல்லில் டைரக்டரி மாற்றும் சிடி கட்டளையை எக்ஸெக்கிடம் கொடுக்காதீர்கள். சைல்டு எந்த டைரக்டரிக்கு மாறினாலும் பேரன்ட் இருந்த இடத்திலேயே இருக்கும். டைரக்டரியை மாற்றும் சிஎச்டிர் ஃபங்ஷன் பேரன்ட்டில்தான் வர வேண்டும்.