கியூபெக்கில் ஆசிரியர் உரிமம்: எனக்கு முன்னே நடந்த ஹெய்ட்டி அக்கா

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஓர் ஆசிரியர், கனடாவின் பிரெஞ்சு மொழி மாகாணமான கியூபெக்கில் மறுபடியும் கரும்பலகைக்கு முன்னால் நிற்க என்னவெல்லாம் செய்யவேண்டும் என்று நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் கணிதம் கற்பித்த நான் இன்று மொன்றியலில் அதையே கற்பிக்கிறேன் என்றால், அது ஒரு ஹெய்ட்டி ஆசிரியையின் பின்னால் நடந்ததால்தான். அவருடைய கதையை விட்டுவிட்டு என்னுடையதைச் சொல்ல முடியாது. பெயர் வேண்டாம் என்றார். நான் அழைப்பதுபோல அக்கா என்றே எழுதுகிறேன்.

அக்கா ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் பிரெஞ்சு ஆசிரியை. 2010 ஜனவரி 12ஆம் திகதி, மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னர் நிலம் அதிர்ந்தபோது பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பாடசாலையின் மேல்மாடி கீழ்மாடியின் மேல் அப்படியே இறங்கிவிட்டது. நகரத்தில் கல்வி அமைச்சின் கட்டடமும் இடிந்தது. உறவினரைப் பொறுப்பேற்று அழைப்பதற்குக் கியூபெக் அரசு அந்த ஆண்டு ஒரு விசேடத் திட்டம் திறந்தது. மொன்றியல்-நோர் பகுதியில் இருந்த தங்கை அதன் வழியாக அவரை அழைத்துக்கொண்டார்.

அவருடைய பெரியப்பாவும் ஆசிரியர். ஹெய்ட்டியின் சர்வாதிகாரி பிரான்சுவா டுவாலியேயின் ஆட்சியில், அவருடைய டொன்டொன் மக்கூட் என்ற அடியாள் படைக்கு அஞ்சிப் படித்தவர்கள் நாட்டை விட்டுக் கிளம்பிய காலத்தில் வந்தவர். அப்போது ஹெய்ட்டி ஆசிரியர்கள் சிலர் புதிதாக விடுதலை பெற்ற கொங்கோவுக்குப் போனார்கள், பலர் கியூபெக்குக்கு வந்தார்கள். இங்கே கல்வி அமைச்சு உருவானதே 1964இல்தான். திருச்சபையின் கையிலிருந்த கல்வியை அரசு பொறுப்பேற்று ஊர் ஊராக இடைநிலைப் பள்ளிகளைத் திறந்தது, பிரெஞ்சு தெரிந்த ஆசிரியர்களைத் தேடியது. பெரியப்பா வந்த சூட்டோடு வகுப்பறைக்குள் போய்விட்டார். அவருக்கு நிகராகப் படித்த பெறாமகள் 2011இல் வந்தபோது கிடைத்தது முதியோர் இல்லத்தில் இரவு வேலை. கிழவர்களைக் குளிப்பாட்டித் தூக்கி இருத்தும் அந்த வேலையை அக்கா ஒருநாளும் தாழ்வாகப் பேசியதில்லை. ஆனால் ஒரு தலைமுறைக்குள் கதவு இவ்வளவு ஒடுங்கிப்போனது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தது மாலை நேரப் பல்கலைக்கழக வகுப்பு. அதற்கு முன் கடக்கவேண்டியது கடதாசிக் கட்டு. பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், படித்த இடத்திலிருந்து முத்திரையோடு வரும் பெறுபேற்றுப் பத்திரம், சொந்த நாட்டில் கற்பிக்க உரிமை இருந்ததற்கான சான்று, குற்றப் பின்னணி பற்றிய உறுதியுரை என்று அமைச்சு கேட்கும். என்னுடைய பட்டமும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் கையில் இருந்தன. அக்காவிடம் பட்டச் சான்றிதழ் மட்டும்தான் இருந்தது, அதிலும் ஒரு மூலை கிழிந்திருந்தது. பெறுபேற்றுப் பத்திரத்துக்காக அவருடைய மைத்துனர் போர்ட்-ஓ-பிரின்ஸில் பீடத்து அலுவலகத்தின் வாசலில் நாள்கணக்காக நின்றார். தப்பிய பதிவேடு ஒன்றிலிருந்து புதிதாக எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். இங்கே ஓர் அலுவலர் அதைப் பார்த்துவிட்டு, மூலப் பிரதி எங்கே என்று கேட்டாராம். "கொங்கிரீட்டுக்குக் கீழே" என்று அக்கா பதில் சொன்னார். பிறகு விளக்கக் கடிதம் ஒன்று எழுதி, பழைய அதிபரிடமும் ஒரு கடிதம் வாங்கி இணைத்தார். "எதையும் எழுத்தில் கேள், எழுத்தில் கொடு" என்று அவர் எனக்குச் சொல்லித்தந்தது அந்த அலைச்சலில் கற்றது.

கோப்பு ஏற்கப்பட்டால் தகுதிகாண் அனுமதி கிடைக்கும். அதை நிரந்தர உரிமமாக, இங்கே ப்ரெவே என்பார்கள், மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகத்தில் 15 அலகுப் பாடங்கள் படிக்கவேண்டும். கியூபெக் கல்வி முறை, மாணவர் மதிப்பீடு, கற்றல் இடர்ப்பாடுள்ள பிள்ளைகள், பாடம் கற்பிக்கும் முறை ஆகியவை அதில் வரும். மதிப்பீட்டுப் பாடத்தை மட்டும் மனம் ஒன்றிப் படியுங்கள். புள்ளி போட்டுத் தரவரிசை சொல்லிப் பழகிய நமக்கு, ஒரு பிள்ளையின் திறனை விவரித்து எழுதுவது முற்றிலும் வேறு வேலை. மற்றப் பாடங்கள் வேலை முடிந்து வந்து படித்தாலும் தேறிவிடும்.

ஆளை அசைத்துவிடுவது டெக்ஃபே என்ற எழுத்துப் பிரெஞ்சுத் தேர்வு. மொழியறிவு வினாக்கள் ஒரு பகுதி, கட்டுரை இன்னொரு பகுதி. இரண்டிலும் தனித்தனியாக 70 சதவீதம் வேண்டும். பிரெஞ்சில் பேசிச் சமாளிப்பவரையும் அது வடிகட்டிவிடும். அக்கா இரவு வேலை முடிந்து காலையில் நூலகத்துக்கு வருவார். என் கட்டுரையை மேசையில் விரித்து, கூரான பென்சிலால் ஒவ்வொரு இறந்தகால வினைச்சொல்லிலிருந்தும் பின்னோக்கி ஓர் அம்புக்குறி போடுவார். நான் எழுதிய கடிதங்கள் என்று சொல்லவேண்டிய இடத்தில், பிரெஞ்சில் பெண்பாலான கடிதங்கள் என்ற சொல் முன்னாலேயே வந்துவிட்டதால், எழுதிய என்ற வினையின் கடைசியில் பெண்பாலுக்கு ஈ, பன்மைக்கு எஸ் என்ற எழுத்துகள் சேரவேண்டும். அம்பு எங்கே போய் முட்டுகிறது என்று நானே சொல்லும்வரை அடுத்த வரிக்குப் போகவிடமாட்டார். பக்கம் முழுவதும் அம்புகளாகிவிடும். அப்படித்தான் தேறினேன்.

அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் சொன்னார். ஹெய்ட்டியில் ஏறக்குறைய எல்லோருக்கும் வீட்டு மொழி கிரியோல், பள்ளிக்கூடத்துக்கு மட்டும் பிரெஞ்சு. அவர் சிறுமியாக இருந்தபோது வகுப்பில் கிரியோல் பேசினால் கையில் ஒரு வில்லையைத் திணிப்பார்கள். அடுத்து பேசி அகப்படும் பிள்ளையிடம் அதைத் தள்ளிவிடவேண்டும். மணி அடிக்கும்போது யார் கையில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. கிரியோலையும் ஆட்சிமொழியாக ஏற்ற அரசியலமைப்பு 1987இல் வந்தது. அப்போது அவருடைய பள்ளிப்படிப்பு முடியும் தறுவாயில் இருந்தது.

கடைசிக் கட்டம் தகுதிகாண் பணி. 600 முதல் 900 மணி நேரம் கற்பிக்கவேண்டும், அதிபர் மதிப்பிடுவார். நிரந்தர இடம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பதில் ஆசிரியராக அழைத்தால் ஒரு பிற்பகலுக்கென்றாலும் போங்கள். உங்களைப் பள்ளிக்கூடம் அறிந்துகொள்வது அப்படித்தான். அக்காவும் நானும் அந்த வழியாகவே உள்ளே போனோம்.

2017 கோடையில் அமெரிக்காவிலிருந்து எல்லை கடந்து வந்த ஹெய்ட்டிக் குடும்பங்களை ஒலிம்பிக் மைதானத்தில் கட்டில் போட்டுத் தங்கவைத்தார்கள். செப்டம்பரில் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தபோது, பிரெஞ்சு தெரியாமல் வருவோருக்கான வரவேற்பு வகுப்பொன்றில் அக்கா ஆசிரியை. ஒருமுறை அங்கே போயிருந்தேன். பின்வரிசையில் ஒரு பையன் பக்கத்துப் பிள்ளைக்குக் கிரியோலில் கணக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அக்கா அவனை நிறுத்தவில்லை. முடிக்கும்வரை காத்திருந்து, "இப்போது அதையே எனக்குப் பிரெஞ்சில் சொல்" என்றார். அவன் தட்டுத்தடுமாறிச் சொன்னான். அப்போதும் கையில் பென்சில் இருந்தது.

இப்போது இங்கே ஆசிரியர் தட்டுப்பாடு. உரிமம் இல்லாதவரைக்கூட விசேட அனுமதியோடு வேலைக்கு எடுக்கிறார்கள். வேலை கிடைத்துவிட்டதே என்று பாடங்களையும் தேர்வையும் தள்ளிப்போடாதீர்கள், அந்த அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. கட்டுரை எழுதிப் பழகுபவர்கள் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். எனக்கே ஐயம் வரும் வரிகளை அக்காவுக்கு அனுப்புவேன். அவர் சம்மதித்திருக்கிறார்.