மூன்று மணிக்குத் திறக்கும் அறை

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது, விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா என்றுதான் முதலில் யோசித்தேன். இரண்டிலும் என் பெயரை யாரும் ஒருமுறைகூட வாசித்ததில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. எனக்கு எழுத இருப்பது மேல்மாடிக் கோடியில் இருந்த தட்டச்சு அறை ஒன்றுதான்.

அங்கே ஆறு இயந்திரங்கள். ஒன்றில் எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், இன்னொன்றில் மை நாடா காய்ந்து எழுத்தே விழாது. எங்களுக்கு முதலில் பழக்கியவர் "அடுத்த கிழமை திருத்தலாம்" என்று ஒவ்வொரு கிழமையும் சொன்னார். இருபது பேராகத் தொடங்கினோம், ஐந்தாம் கிழமை ஆறு பேர் மிஞ்சினோம். இந்தப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். நாங்களும் நம்பினோம். எனக்கு ஏற்கெனவே வீட்டில் 'மூன்று நாள் வீரன்' என்று பட்டம் இருந்தது.

பிறகு புதிய சேர் வந்தார். ஊக்கம், விடாமுயற்சி என்று எந்தப் பேச்சும் பேசவில்லை. "திங்கள், புதன், வெள்ளி மூன்று மணிக்கு அறை திறந்திருக்கும். நாடா வாற திங்கள் வரும்" என்றார். திங்கள் நாடா வந்தது. மூன்று மணிக்கு அறையும் திறந்திருந்தது. மழை நாளிலும், பாதிப் பேர் வராத நாளிலும் அப்படியே.

வெள்ளிக்கிழமைகளில் ஐந்து நிமிடச் சோதனை வைப்பார். பிழைகளைக் கழித்து, நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று கணக்கிட்டு, அவரவர் வரைபுத் தாளில் அவரவரே புள்ளி வைக்க வேண்டும். என் கோடு 6, 11, 15 என்று அழகாக ஏறி 18இல் படுத்துக்கொண்டது. ஏழு கிழமை. எட்டாவது புள்ளியை நான் வைக்கவில்லை.

"ஏன் விட்டனீர்?"

"அதே பதினெட்டுத்தான், சேர்."

"அப்ப பதினெட்டிலயே வையும். கோடு எனக்கு வேண்டாம், புள்ளி வேணும்."

எரிச்சலோடு வைத்தேன். அடுத்த வெள்ளி 23. இரண்டு மாதத்தில் 30ஐத் தாண்டினேன். நடந்தது என்னவென்று அப்போது விளங்கவில்லை. 'அவர்கள்' என்பதை அதுவரை ஐந்து எழுத்தாகத் தேடித் தேடி அடித்த விரல்கள், ஒருநாள் அதை ஒரே சொல்லாக அடித்தன. அவ்வளவுதான் தெரியும்.

பல வருடங்களுக்குப் பிறகு, 1897இல் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்திப் பணியாளர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டது. செய்தி அனுப்பும் வேகம் சீராக ஏறியதாம். காதால் கேட்டு வாங்கும் வேகமோ ஓரிடத்தில் பல கிழமைகள் தேங்கி நின்று, பிறகு மேலே போயிருக்கிறது. தனி எழுத்தாகக் கேட்டது சொல்லாகவும், சொல்லாகக் கேட்டது தொடராகவும் உள்ளே கட்டப்படும் காலம் அது என்பது அவர்கள் விளக்கம். எல்லோருக்கும் அப்படித் தேக்கம் வருவதில்லை என்று பின்னால் வந்தவர்கள் மறுத்ததுண்டு. இருக்கட்டும், எனக்கு வந்தது.

என்னை இன்னும் அதிகம் உலுக்கியது வேறொரு ஆய்வு. ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாயை முன்னால் வைத்து, பொறுத்திருந்தால் இரண்டு தருவோம் என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷெல் சிறுவர்களைச் சோதித்த கதையை ஊக்கப் பேச்சாளர்கள் தேய்த்துவிட்டார்கள். பொறுத்த பிள்ளை முன்னேறும், பொறுக்காத பிள்ளை பின்தங்கும் என்று முடிப்பார்கள். 2013இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலெஸ்ட் கிட் குழுவினர் அதற்கு முன்னால் ஒரு படியைச் சேர்த்தார்கள். நல்ல வர்ணக்குச்சிகள் கொண்டுவருகிறேன் என்று 28 சிறுவர்களுக்கும் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள், மற்றவர்களிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். அதன் பிறகுதான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம்.

அதை வாசித்தபோது அந்த இருபது பேரும் கண்முன் வந்தார்கள். 'அடுத்த கிழமை' என்பதை ஐந்து முறை கேட்டவன் ஆறாவது முறை போகாமல் விட்டால், அவனுக்குப் பொறுமை இல்லை என்று சொல்லலாமா?

புதிய நாட்டில் நாற்பது வயதில் புது மொழி படிக்க மாலை வகுப்பில் சேர்ந்தேன். நாலாம் மாதம் அதே தேக்கம். வரைபுத் தாள் வாங்கினேன். பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். லண்டனில் 96 பேரை வைத்து ஃபிலிப்பா லாலி செய்த ஆய்வில் நடு அளவு 66 நாள் என்று வந்தது. சிலருக்கு 18 நாள் போதுமாம், சிலருக்கு 254 வரை போகலாமாம். இடையில் ஒருநாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்பதையும் அதில் கண்டு, தவறவிட்ட வகுப்புகளுக்காக என்னைத் திட்டிக்கொள்வதை நிறுத்தினேன்.

மகள் விஷயத்தில்தான் நான் தேறவில்லை. "அரை மணியில் வாறன், சேர்ந்து படிப்பம்" என்று சொல்லிவிட்டு எத்தனை நாள் தொலைபேசியோடு இருந்திருக்கிறேன்! அவள் வயலினைப் பாதியில் விட்டபோது பொறுமையைப் பற்றி அவளுக்கு ஒரு பிரசங்கமும் வைத்தேன். நினைக்க வெட்கமாக இருக்கிறது.

சேரின் இலக்கம் போன வருடம் ஒரு நண்பன் மூலம் கிடைத்தது. குரல் தளர்ந்திருந்தது. பெயரைச் சொன்னதும் பிடிபடவில்லை, 'பதினெட்டு' என்றதும் சிரித்தார். அந்த ஏழு கிழமையும் என்னைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன்.

"உண்மையைச் சொல்லட்டே? உம்மைப் பற்றி ஒன்றும் நினைக்கேல்லை. திறப்பு என்னட்டை இருந்தது. மூன்று மணிக்குக் கதவைத் திறக்க வேணும் எண்டதுதான் நினைப்பு."