தடிமனான ரெக்கார்டும் டோன்ஆர்ம் உயரமும்

180 கிராம் எடையுள்ள தடித்த வினைல் ரெக்கார்டு போட்டால் சத்தம் மந்தமாகக் கேட்கிறது என்று கேபிளை மாற்றக் கிளம்புகிறவர்கள், முதலில் டோன்ஆர்மை, அதாவது ஊசியைத் தாங்கும் கையை, பக்கவாட்டில் பாருங்கள். தட்டு தடித்தால் ஊசி முனை மேலேறும், ஆர்மின் பின்பக்கம் தாழும். பேஸ் கொழகொழக்கும், மேல் சுரங்கள் மங்கும். மெல்லிய தட்டில் நேர் எதிர்: சத்தம் மெலிந்து கூசும்.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளில் ஆர்மின் பின்பக்கத்தை ஏற்றி இறக்கவென்றே 0 முதல் 6 மி.மீ. வரை குறியிட்ட வளையம் இருக்கிறது. ஆர்மைத் தாங்கியில் மாட்டி, லாக் நெம்பைத் தளர்த்திய பிறகே திருப்புங்கள். பூட்டியபடி முறுக்கினால் மரை கெடும். தட்டு வழக்கத்தைவிட எத்தனை மி.மீ. தடித்ததோ அத்தனை ஏற்றி, மறுபடி பூட்டுங்கள். நெம்பு தளர்வாக இருந்தால் ஆர்ம் ஆடும், அந்த ஆட்டம் சத்தத்திலும் வரும்.

எவ்வளவு பெரிய விஷயம் இது? இந்த ஆர்மின் நீளம் 230 மி.மீ., ஆகவே ஊசிச் சாய்வு 1 டிகிரி மாற 4 மி.மீ. வேண்டும். சாதாரணத் தட்டுக்கும் கனத்த தட்டுக்கும் வித்தியாசம் 1 மி.மீ.கூட வராது, கால் டிகிரிக்கும் குறைவு. ஒவ்வொரு தட்டுக்கும் வளையம் திருப்புவது என் பார்வையில் வீண் வேலை. கனத்த தட்டுக்கு ஒருமுறை செட் செய்துவிட்டு, மெல்லியதற்கு அடியில் இன்னொரு மெல்லிய மேட் போட்டால் போதும்.

உயரம் மாற்றியதும் ஊசி எடையை, அதாவது ஊசி தட்டை அழுத்தும் அளவை, திரும்ப அளக்க வேண்டும். தராசுத் தட்டு ரெக்கார்டு மட்டத்திலேயே இருக்கட்டும், உயர்ந்திருந்தால் அளவு தப்பும்.