வாவிக்கரையில் ஒரு பழைய பூதம்

போன கிழமை மூன்று இரவுகள் ஐம்பதுகளின் பேய்ப்படங்களைத் திரும்பவும் பார்த்தேன். முதலில் 1954இல் வந்த ‘கிரீச்சர் ஃப்ரொம் த பிளாக் லகூன்’, நீருக்குள் வாழும் மீன்மனிதப் பூதத்தின் கதை. சின்ன வயதில் மட்டக்களப்பில், கல்லடியில் மாமா வீட்டில் இதைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் வாவியில் கால் நனைக்கவில்லை, பௌர்ணமிக்கு வாவிக்குள் பாடும் மீனின் சத்தம் கேட்கலாம் வா, துடுப்பில் காதை வைத்தால் போதும் என்று மாமா தோணியோடு நின்று கூப்பிட்டும் நான் அசையவில்லை.

இப்போது பார்த்தால் அந்தப் பூதம் ரப்பர் உடுப்பு என்று தெரிகிறது, சரி, ஆனால் பயம் போகவில்லை. நீருக்கடியில் அதற்குள் நீந்தியவர் ரிக்கூ பிரவுனிங். முதுகில் காற்றுச் சிலிண்டர் கிடையாது, மூச்சை அடக்கிக்கொண்டுதான் நீந்தினார். மேலே கதாநாயகி நீந்த, கீழே அது மல்லாந்தபடி அவளோடு கூடவே போகும் காட்சி இருக்கிறதே, எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. உருவத்தை வடிவமைத்த மிலிசென்ட் பேட்ரிக்குக்கு அந்தக் காலத்தில் உரிய பெயர் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

அப்புறம் 1958இன் ‘த புளொப்’. சிவப்புச் சாயம் கலந்த சிலிக்கோன் களி, அவ்வளவுதான் பூதம். கதாநாயகன் இளம் ஸ்டீவ் மக்குயீன். களி தியேட்டருக்குள் வழிந்து வருவதை விட, இளசுகள் சொல்வதைப் பெரியவர்கள் நம்பாமல் நிற்கும் இடங்கள்தான் என்னை உலுக்கின.

மூன்றாவது, 1957இன் ‘த இன்கிரெடிபிள் ஷ்ரிங்கிங் மேன்’, உடம்பு சுருங்கிக்கொண்டே போகும் ஒருவனின் கதை. ஊசியை ஈட்டியாக்கிச் சிலந்தியோடு அவன் மோதும்போது வெளியே வாவிக்காற்று யன்னலைத் தட்டியது. எழும்பிப் போய்ச் சாத்திவிட்டு வந்துதான் மிச்சத்தைப் பார்த்தேன்.