குயின்ஸ் கவுண்டியின் பழைய துணிச்சல்

நியூயார்க்கின் குயின்ஸ் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 24 லட்சம் பேர். ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். 1683-இல் உருவாகி 1898-இல் நகரத்தோடு சேர்ந்தது. எனக்கு அதற்கும் முந்தைய கதைதான் பெரிசு.

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு யாரும் இடம் கொடுக்கக் கூடாதென்று, அப்போது அந்தப் பகுதியை ஆண்ட டச்சு ஆளுநர் ஸ்டைவசன்ட் தடை போட்டார். 1657-இல் இன்றைய குயின்ஸில் இருக்கும் ஃப்ளஷிங் ஊர்க்காரர்கள் 30 பேர் எதிர்த்து மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒருவர்கூட குவேக்கர் இல்லை! அடுத்தவர் வழிபாட்டுக்காகச் சிறைக்கும் துணிந்தவர்கள். 1662-இல் ஜான் பௌன் தன் வீட்டில் குவேக்கர்களைக் கூடவிட்டதற்காகக் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ஹாலந்துவரை போய் முறையிட்டு, ஜெயித்துத் திரும்பினார். அந்த வீடு இன்னும் இருக்கிறது.

அவர் பெயர் கொண்ட பௌன் தெருவில்தான் 1977-இல் கும்பாபிஷேகம் கண்ட மகா வல்லப கணபதி கோயில். கீழே கேன்டீனில் முறுகல் தோசை கிடைக்கும். ஃப்ளஷிங் போனால் கோயிலோடு பௌன் வீட்டையும் அவசியம் பாருங்கள்.