பேக்கர்லூ ரயிலில் ஒரு பேரிங் வண்டி

"உதென்ன தம்பி, பேரிங் வண்டில் மாதிரிக் கிடக்கு?"

லண்டன் ஹாரோவில் நண்பர் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவருடைய அம்மா கேட்ட முதல் கேள்வி இது. பயணம் எப்படி இருந்தது, சாப்பிட்டாயா என்பதெல்லாம் அப்புறம்தான் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் முதுகுப்பையோடு வாரில் கட்டியிருந்த ஸ்கேட்போர்டின் சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிவிட்டு, அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். "சின்னனில எங்கட அண்ணன்மார் இப்பிடி ஒண்டு செய்து ஒழுங்கையால ஓடித் திரிஞ்சவை."

"அதேதான் அம்மா இது" என்றேன். பேச்சுக்குச் சொன்னதில்லை, என் கதையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் வளர்ந்தது சென்னை மந்தைவெளியில். மெக்கானிக் ஷெட்டில் கழித்துப் போட்ட பேரிங் மூன்று, ஒரு பலகை, முன்னால் திருப்புவதற்கு ஒரு குறுக்குக்கட்டை, அதில் ஒரு கயிறு. வண்டி தயார். அது கிளம்பினால் தெருக்கோடி வீட்டில் மதியத் தூக்கம் போட்டவர்கூட எழுந்து திட்டுவார். 1990இல் எனக்குப் பதினொரு வயது. அப்பா பர்மா பஜாரில் ஒரு மணி நேரம் பேரம் பேசி உண்மையான ஸ்கேட்போர்டு ஒன்றை வாங்கித் தந்தார். பலகையின் அடியில் டிராகன் படம். சக்கரம் மட்டும் வெறும் பிளாஸ்டிக். சாலையில் கடலை அளவு கல் இருந்தால் போதும், போர்டு அங்கேயே நின்றுவிடும், நான் மட்டும் போய்க்கொண்டே இருப்பேன். முழங்கையில் இன்னும் இருக்கும் தழும்பு அந்த டிராகன் கொடுத்தது.

சக்கரத்தின் கதை தெரிந்தால்தான் இந்த விளையாட்டின் கதை புரியும். கலிஃபோர்னியாவில் அறுபதுகளில் பிள்ளைகள் ஓட்டியது களிமண் கலவைச் சக்கரங்களில். அவர்களுக்கும் இதே கல், இதே முழங்கைதான். எழுபதுகளின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்ற இளைஞர், ரோலர் ஸ்கேட் பழகுபவர்களுக்காக யூரித்தேன் என்ற ரப்பர் மாதிரிப் பொருளில் செய்த சக்கரத்தைத் தன் போர்டில் மாட்டிப் பார்த்தார். அது கல்லைக் கண்டால் நிற்கவில்லை, கொஞ்சம் அமுங்கி ஏறிப் போனது. தரையைக் கவ்வியும் பிடித்தது. அவர் அதையே கேடிலாக் வீல்ஸ் என்று பெயரிட்டு விற்க ஆரம்பித்தார். அதுவரை பொம்மையாக இருந்ததை வைத்துக்கொண்டு இப்போது சரிவில் ஏறலாம், காலியான நீச்சல்குளத்துச் சுவரில் வளைந்து திரும்பலாம். ஐந்தாறு வருடத்தில் அந்தப் பைத்தியம் அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கிலாந்துக்கும் பரவியது. 1978இல் மட்டும் லண்டனைச் சுற்றி ஹாரோ, ஸ்டாக்வெல், ஹார்ன்சர்ச் ரோம் என்று கான்கிரீட் பார்க்குகள் முளைத்தன. மோகம் சீக்கிரமே வடிந்தது. நாடு முழுக்கப் பல பார்க்குகளை இடித்தார்கள், மண்ணைப் போட்டு மூடினார்கள். இந்த மூன்றும் தப்பித்தன. ரோம் பார்க்கை 2014இல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். ஐரோப்பாவில் அந்த மரியாதை கிடைத்த முதல் ஸ்கேட் பார்க் அதுதான்.

அலுவலக வேலையாக ஒரு வாரம் போயிருந்தேன். கையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. காலையில் ஹாரோ, பிறகு தேம்ஸின் தென்கரையில் இருக்கும் சவுத்பேங்க் என்று சென்னையிலேயே முடிவு செய்திருந்தேன். லண்டன் ஐ, பக்கிங்ஹாம் அரண்மனை எல்லாம் பார்க்கவில்லை. வீட்டில் இதற்காக வாங்கிக்கொண்டது தனி.

ஹாரோ பார்க் நண்பர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அவர் இருபது வருடமாக அந்த வழியாகக் காரில் போகிறார், உள்ளே எட்டிப் பார்த்ததே இல்லை. வயதான கான்கிரீட், நம் ஊர் அம்மிக்கல் கொத்தியதுபோல் சொரசொரப்பு. காலை ஒன்பது மணிக்கு அங்கே இருந்தவர்களில் பாதிப்பேருக்குத் தலை நரைத்திருந்தது. ஹெல்மெட், முழங்கால் காப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு நிதானமாக ஒருவர் பின் ஒருவராகப் பௌல் என்ற கிண்ணம்போன்ற பள்ளத்துக்குள் இறங்கினார்கள். திறந்த வருடத்திலேயே சிறுவனாக வந்தவராம் ஒருவர், இன்னும் வருகிறார். எனக்கு நாற்பத்தைந்து என்றதும் "சின்னப் பையன்தானே" என்றார். நான் மூன்று முறை இறங்கி இரண்டு முறை விழுந்தேன். மணிக்கட்டு வீங்குவதற்குள் கிளம்புவதே புத்திசாலித்தனம் என்று பட்டது.

வீட்டுக்கு வந்து உடை மாற்றிக்கொள்ளும்போது அம்மா பார்த்துவிட்டார். "உந்த வயசில விழுந்து கையைக் காலை முறிச்சுப் போடாதேங்கோ." பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக ஆண்டி மக்டொனால்ட் என்பவர் 51 வயதில் ஸ்கேட்போர்டு விட்டார் என்று எடுத்துச் சொன்னேன். அதே ஒலிம்பிக்கில் சீனாவிலிருந்து ஒரு 11 வயதுச் சிறுமியும் வந்திருந்தாள் என்றேன். "அந்தப் பிள்ளை விழுந்தால் எழும்பும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டு ரயிலுக்கு நடந்தேன்.

ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோனிலிருந்து எம்பேங்க்மென்ட்டுக்கு பேக்கர்லூ பாதையில் மாறாமல் போகலாம். அதில் ஓடுபவை 1972ஆம் ஆண்டு ரகப் பெட்டிகள், என்னைவிட மூத்தவை. காலுக்கிடையில் போர்டை நிறுத்தி வைத்துக்கொண்டேன். வில்ஸ்டனில் ஏறிய ஒரு பெண்ணிடமும் போர்டு இருந்தது. என் சக்கரத்தைப் பார்த்தாள், நான் அவளுடையதைப் பார்த்தேன், இருவரும் ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான். புல்லட் ஓட்டுகிறவர்கள் நெடுஞ்சாலையில் கையைக் காட்டிக்கொள்வார்களே, அந்த மாதிரி.

எம்பேங்க்மென்ட்டில் இறங்கி, ஹங்கர்ஃபோர்டு ரயில் பாலத்தை ஒட்டிப் போகும் நடைபாலத்தில் தேம்ஸைத் தாண்ட வேண்டும். தென்கரையை நெருங்கும் இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். படத்தில் பார்த்திருக்கிறேன், ஆனாலும் ஒரு கணம் பேச்சு வரவில்லை. பாலத்தூணின் கான்கிரீட் அடித்தளத்தின் மேல் உடைந்த ஸ்கேட்போர்டுகள். பத்தா, ஐம்பதா, எண்ண முடியவில்லை. நடுவில் முறிந்தவை, மூக்கு போனவை, வெயிலிலும் மழையிலும் படம் வெளுத்தவை, அவற்றின் மேல் புறா எச்சம். சவுத்பேங்க்கில் போர்டு உடைந்தால் குப்பைத்தொட்டியில் போடுவதில்லை, இங்கே கொண்டுவந்து வீசுவதுதான் வழக்கம். போர்டுகளின் இடுகாடு. கூட்டம் பின்னாலிருந்து நெருக்கியது, நகர்ந்தேன்.

படியிறங்கி ஆற்றோரமாக வாட்டர்லூ பாலத்தை நோக்கி நடந்தால், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்கு வந்துவிடுகிறது. கடகடவென்று ஓடிவரும் சத்தம், அப்புறம் 'டக்' என்று பலகையின் வால் தரையில் அடிபடும் சத்தம், ஒரு நொடி மௌனம், பிறகு நாலு சக்கரமும் ஒன்றாக இறங்கும் சத்தம். அந்த மௌனத்தில் ஆள் காற்றில் இருக்கிறான்.

குயின் எலிசபெத் ஹால் என்ற இசை அரங்கம் 1967இல் திறந்தது. கான்கிரீட்டைக் கான்கிரீட்டாகவே விட்ட கட்டடம், அழகு என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதன் அடியில் தாழ்ந்த கூரை, தடித்த தூண்கள், நடப்பவருக்கு ஒரு பயனும் இல்லாத சில சரிவுகள் என்று ஒரு இடம் சும்மா கிடந்தது. எழுபதுகளில் பிள்ளைகள் கண்ணில் அது பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை விட்டுப்போகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் அவர்களுக்காகக் கட்டவில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். கட்டிக்கொடுத்த பார்க்கில் எங்கே ஏற வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதை வேறு யாரோ முன்பே யோசித்து வைத்திருப்பார்கள். இங்கே தூணைச் சுற்றுவதா, சரிவின் ஓரத்தில் வழுக்குவதா என்று வருகிறவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான். மந்தைவெளியில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்க மொசைக் தரைதான் என் பார்க். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துப் போவோம். ஆடி மாதம் முழுக்க எங்களுக்குத் திருவிழா. இன்றைக்குக் கோவளத்துப் பிள்ளைகளுக்குக் கடல் பக்கத்திலேயே பௌல் இருக்கிறது, கொடுத்து வைத்தவர்கள்.

2013இல் இந்த இடத்துக்கு ஆபத்து வந்தது. கலை வளாகத்தை விரிவுபடுத்தும் திட்டத்தில், இங்கே கடைகளும் உணவகங்களும் வரும், ஸ்கேட் செய்பவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி ஹங்கர்ஃபோர்டு பாலத்தின் கீழ் புது இடம் கட்டித் தருகிறோம் என்றார்கள். பிள்ளைகள் மறுத்தார்கள். 'லாங் லிவ் சவுத்பேங்க்' என்று ஒரு இயக்கம் ஆரம்பித்து, இதே இடத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அவர்கள் எடுத்த சட்ட ஆயுதம்தான் எனக்குச் சிரிப்பும் மலைப்பும் தந்தது. இங்கிலாந்துச் சட்டத்தில், ஊர் மக்கள் நெடுங்காலமாக விளையாடிவரும் திடலை ஊர்ப் பொதுத்திடல் என்று பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. பசும்புல்லுக்கான சட்டம். இவர்கள் இந்தக் கான்கிரீட் பொந்துக்கு அதைக் கேட்டு விண்ணப்பம் போட்டார்கள்! மாடு மேய்ந்த வெளியின் பெயரை வைத்துக்கொண்டு, இன்று அடுக்குமாடிகளாக நிற்கும் ஊரில் பிறந்தவன் நான். எங்கள் மந்தைவெளிக்கு யாரும் மனுப் போடவில்லை. இவர்கள் போட்டார்கள். 2014 செப்டம்பரில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்து, இடம் இங்கேயே இருக்கும் என்று முடிவானது. அதற்கும் முன்பே அடைத்து வைத்திருந்த ஒரு பகுதியையும் நிதி திரட்டிச் சீரமைத்து 2019இல் திறந்துவிட்டார்கள்.

சரி, நான் ஓட்டிய கதைக்கு வருகிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தூணைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டதுமே முன் சக்கரம் ஒன்று கிறீச்சிட ஆரம்பித்தது. கிளம்புவதற்கு முந்தின வாரம் சென்னை மழையில் ஓட்டியதன் பலன். மண்ணெண்ணெயில் கழுவித் தையல் மெஷின் எண்ணெய் விட்டிருக்க வேண்டும், சோம்பேறித்தனம். கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து வேடிக்கை பார்த்த சுற்றுலாக் கூட்டமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம்.

பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் வந்தான். ஒன்றும் கேட்கவில்லை, கையை நீட்டினான், போர்டைக் கொடுத்தேன். பையிலிருந்து ஸ்பானரை எடுத்து நட்டைக் கழற்றிச் சக்கரத்தை உருவினான். அச்சின் முனையைப் பேரிங்கின் உள்வட்டத்தில் பாதி மட்டும் நுழைத்து, சக்கரத்தை நெம்பினான். 'டொக்'. துருப்பிடித்த பேரிங் வெளியே வந்துவிட்டது. 22 மில்லிமீட்டர் வட்டம், நடுவில் 8 மில்லிமீட்டர் ஓட்டை. 608 என்று எண் போட்டிருக்கும் இந்தப் பேரிங், சென்னை, லண்டன், டோக்கியோ எங்கே வாங்கினாலும் இதே அளவுதான். அவன் ஜீன்ஸ் பையில் சில்லறைக் காசோடு இரண்டு கிடந்தன. ஒன்றை அச்சிலேயே கோத்து, சக்கரத்தை அதன் மேல் வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து, முடிந்தது. பணம் எடுத்தேன், தலையை ஆட்டினான். பர்மா பஜார் போர்டு நாளிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் எனக்குப் போல்ட்டும் மெழுகும் உப்புத்தாள் மாதிரி இருக்கும் கிரிப் டேப்பும் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர்கூடக் காசு வாங்கியதில்லை.

அப்புறம் என் சக்கரத்தை நகத்தால் அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். கடினத்தின் அளவில் 78ஏ, மெத்தென்றது. நம் ஊர்த் தார்ச்சாலைக்கும் காலையில் பார்த்த ஹாரோ சொரசொரப்புக்கும் அது இல்லாமல் முடியாது. இங்கே எல்லாரும் 99ஏ, 101ஏ என்று கல்போன்ற சக்கரம். வழவழப்பான தரையில் பக்கவாட்டில் சறுக்க வேண்டுமானால் கடினமாக இருந்தாக வேண்டும். சென்னைச் சாலையை அவனுக்கு விளக்கப் பார்த்தேன். வேகத்தடை, மூடியில்லாத சாக்கடை, நடுவில் படுத்திருக்கும் மாடு. நம்பவில்லை.

நான்கு மணிவாக்கில் ஒரு சரிவில் ஏறி, மேலே அரைவட்டமாகத் திரும்பி இறங்கினேன். இடுப்பு உயரம்கூட இருக்காது. யாரோ பலகையைத் தரையில் தட்டினார்கள், இந்த உலகத்தில் அதுதான் கைதட்டல். எனக்காகத்தானா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.

இருட்டுவதற்குள் அந்தப் பையனின் போர்டு முறிந்தது. படிகளிலிருந்து குதித்து இறங்கும்போது இரண்டு காலும் பலகையின் நடுவிலேயே விழுந்துவிட்டன. ஏழு அடுக்கு மேப்பிள் மரமும் 'மளார்' என்றது. அவன் கோபப்படவில்லை. உட்கார்ந்து எட்டுப் போல்ட்டையும் கழற்றி, அச்சைத் தாங்கும் டிரக்கையும் சக்கரத்தையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். கூட இரண்டு நண்பர்கள். பாலத்தைப் பார்த்துக் கையைக் காட்டி, வருகிறாயா என்றான்.

நடைபாலத்தில் அதே இடத்தில் நின்றோம். கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து, இரண்டு துண்டில் ஒன்றை வீசினான். கான்கிரீட்டில் மோதி, ஒரு புரட்டுப் புரண்டு, பழைய போர்டுகளுக்கு நடுவே போய் நின்றது. மற்றதை என்னிடம் நீட்டினான். வீங்கிய மணிக்கட்டோடு வீசினேன். தூணைத் தொடாமல் நேராகத் தண்ணீரில் விழுந்தது. மூன்று பேரும் "ஓ" என்று கத்தினார்கள். கடலேற்ற நேரம். தேம்ஸ் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பலகை பாலத்துக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, வெஸ்ட்மின்ஸ்டர் பக்கமாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.